எலும்பில்லாத முழங்கால்

ஜெர்மேனுக்கு ஐம்பத்து மூன்று வயது. அதில் முப்பத்து நான்கு வருஷங்களை அவள் நின்றே கழித்திருந்தாள். சைகோனில் ஓர் ஓவியக் கல்லூரியில், பலகை மேடைமேல் இருபது நிமிஷம் அசையாமல் நிற்பதும், ஐந்து நிமிஷம் உட்காருவதும், மறுபடி நிற்பதும்தான் அவள் வேலை. சுற்றிலும் மாணவர்கள் கரித்துண்டால் அவளை வரைவார்கள். இடைவேளைக்கு இறங்குமுன் யாராவது அவள் பாதங்களைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போட்டுவிடுவார்கள். திரும்பி வந்து அதே கோட்டுக்குள் காலை வைத்து, அதே தோளை அதே அளவுக்குச் சாய்க்க வேண்டும்.

அவள் அப்பா இக்னாஸ் காரைக்கால்காரர், கத்தோலிக்கர். பிரெஞ்சுக்காரர் காலத்தில் சுங்க அலுவலகத்தில் எழுத்தராக வந்து, ஒரு வியட்நாமியப் பெண்ணைக் கட்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டவர். மகள் கல்லூரி அலுவலகத்தில் டைப் அடிக்கிறாள் என்று அறுபத்தொன்பதாம் வருஷம் சாகும்வரை நம்பினார், அல்லது நம்பியதாகக் காட்டிக்கொண்டார். எழுபத்தாறில் அண்ணன் ரொபேர் பெண்டாட்டி பிள்ளைகளோடு டான் சோன் நாட் விமான நிலையத்தில் பிரான்ஸுக்கு விமானம் ஏறினான். படுக்கையில் கிடந்த அம்மாவை விட்டுப் போக முடியாமல் ஜெர்மேன் தங்கிவிட்டாள். அம்மா இன்னும் ஒன்பது வருஷம் கிடந்தாள். அதற்குள் ரொபேரின் கடிதங்கள் வருஷத்துக்கு ஒன்று என்று ஆகிவிட்டன.

எழுபத்தைந்தில் கம்யூனிஸ்ட் ஆட்சி வந்த பிறகும் கல்லூரிக்கு நிற்க ஆள் வேண்டியிருந்தது. உடுப்புதான் மாறியது. மரத் துப்பாக்கியோடு நின்றாள், நெற்கட்டோடு நின்றாள், மண்வெட்டியோடு நின்றாள். பிற்பாடு உடுப்பில்லாமல் நிற்கிற வகுப்பும் திரும்பி வந்தது. எதைப் பிடித்துக்கொண்டு நின்றாலும் இருபது நிமிஷம் இருபது நிமிஷமாகவே இருந்தது.

தொண்ணூற்று நான்காம் வருஷம் பிப்ரவரியில், வியட்நாமியப் புத்தாண்டு விடுமுறை முடிந்து கல்லூரி திறந்ததும், சிற்பத் துறைப் பேராசிரியர் லோக் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். அவர் மாணவராக இருந்த காலத்திலிருந்து அவளை வரைகிறவர். அவளைவிட மூன்று வயது பெரியவர்.

“முழு உருவத்துக்கு ஓர் இளம்பெண்ணைச் சேர்த்திருக்கிறோம்” என்றார். “நீ இனி வாரத்தில் இரண்டு நாள் காலையில் வந்தால் போதும். முகம் மட்டும். வயதான முகம் மாணவர்களுக்கு நல்ல பயிற்சி.”

“சரி ஐயா” என்றாள். இரண்டு காலை வேலையில் மாதத்தை ஓட்ட முடியாது. ஆனால் அதை அவரிடம் சொல்லும் தெம்பு அவளுக்கு அன்று இல்லை. இடது முழங்கால் காலையிலிருந்தே கடுத்துக்கொண்டிருந்தது.

அந்த வாரம் பென் தான் சந்தையில் கீரை வாங்கும்போதுதான், த்ருவோங் டின் தெரு மாரியம்மன் கோயிலுக்கு இந்தியாவிலிருந்து சிற்பிகள் வந்திருக்கிறார்கள் என்று காதில் விழுந்தது. சிற்பிகள் என்றால் நிற்க ஓர் ஆள் வேண்டும். அவளுக்கு வேறு எண்ணமே வரவில்லை. கீரைக்கட்டைக் கையில் பிடித்தபடியே கோயிலுக்கு நடந்தாள். இத்தனை வருஷமாக வெளியிலிருந்தே பார்த்துப் போன கோயில். வாசலில் வியட்நாமியப் பெண்கள் கைநிறைய ஊதுபத்தியோடு நின்று கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள்.

திருப்பணியை முன்னின்று நடத்தியவர் சோமசுந்தரம். பூர்வீகம் தேவகோட்டை, இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த வயசாளி. அவள் வாயில் தமிழ் வந்ததும் எழுந்தே விட்டார்.

“தமிழ் பேசுவீகளா? அட, எங்கேருந்து வந்திய? ஸ்தபதியார் வந்து பத்து நாளா நாம ஒண்ணு சொல்ல, இந்த ஊர்க் கொத்தன் ஒண்ணு செய்யன்னு கெடக்கு. எனக்கு ஓடியாட முடியலை. வாங்க, வாங்க.”

சாரத்துக்குக் கீழே ஒரு சாக்கை விரித்து உட்கார்ந்திருந்தார் ராமாமிர்தம் ஸ்தபதி. குடவாசல் பக்கத்துக்காரர். அறுபது வயதிருக்கும். ஒல்லியான கை, நகமெல்லாம் சுண்ணாம்பு. கூட வந்த இரண்டு ஆட்கள் மேலே பழைய சுதையைக் கொத்திக்கொண்டிருந்தார்கள். மழையில் ஊறிச் சிதைந்துபோன அம்மன் உருவங்கள் வரிசையாகத் தெரிந்தன. மூக்கில்லாதது ஒன்று, மார்புக்குக் கீழே கம்பி மட்டும் மிஞ்சியது ஒன்று.

“நான் நிப்பேன்” என்றாள் ஜெர்மேன். “அரை மணி அசையாம நிப்பேன். காலேஜ்ல முப்பத்து நாலு வருஷமா அதான் வேலை.”

ராமாமிர்தம் அவளையும் சோமசுந்தரத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

“நிக்கிறதா? எதுக்கும்மா நிக்கணும்?”

“நீங்க பாத்து செய்ய.”

அவருக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் சிரிக்கவில்லை. “நாங்க யாரையும் பாத்து செய்றதில்லீங்களே” என்றார், மன்னிப்புக் கேட்கிறவர் மாதிரி.

“யாரையும் பாக்காம பொம்பளை உடம்பு எப்படி வரும்?”

“அளவு இருக்கும்மா. அளவு வச்சா வந்துரும்.”

அவளுக்கு முகத்தில் அடித்தாற்போல் இருந்தது. இளம்பெண் வந்துவிட்டாள், நீ வேண்டாம் என்றால் அது ஒரு பேச்சு. உடம்பே வேண்டாம் என்கிற சிற்பியை அவள் அதுவரை பார்த்ததில்லை. திரும்பிப் போகக் காலெடுத்தவளைச் சோமசுந்தரம்தான் நிறுத்தினார். “நிக்க வேணாம். இந்த நாற்காலியில உக்காந்து, ஸ்தபதியார் சொல்றத இந்தக் கொத்தனுங்களுக்குச் சொல்லுங்க, போதும்” என்றார். அப்படித்தான் அவளுக்கு அங்கே வேலை கிடைத்தது.

உட்கார்ந்து பார்க்கிற வேலை என்றாலும் அலைச்சலுக்குக் குறைவில்லை. சுண்ணாம்பில் கலக்கக் கடுக்காய்த் தண்ணீர் வேண்டும் என்றார் ராமாமிர்தம். ஊரிலிருந்து கொண்டுவந்த கடுக்காய் தீர்ந்துபோயிருந்தது. மிஞ்சியிருந்த ஒரே ஒரு கடுக்காயைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு சோலோனில் சீன மருந்துக் கடை கடையாக ஏறினாள். நான்காவது கடைக்காரன் முகர்ந்து பார்த்துவிட்டு, ஓர் இழுப்பறையைத் திறந்து கைநிறைய அள்ளிக் காட்டினான். சாவ் தோக்கிலிருந்து வருகிற பனைவெல்லத்தையும் அவளே தேடிப் பிடித்தாள். பனைவெல்லமும் கடுக்காயும் ஊறுகிற பீப்பாய்க்குப் பக்கத்தில், வெயில் ஏற ஏற நாற்காலியை நகர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மொழிபெயர்ப்பதும் ஒரு மாதிரி நிற்பதுதான் என்று அவளுக்குப் பட்டது. இரண்டு பேருக்கு நடுவே தன் எண்ணம் எதுவும் அசையாமல் இருக்க வேண்டும். சாயங்காலம் வீட்டுக்குப் போனால் எந்த மொழியிலும் பேசப் பிடிக்காது.

ராமாமிர்தம் பனையோலை நறுக்கு ஒன்றைச் சிலையின் உயரத்துக்கு வெட்டி, மடித்து மடித்துப் பங்கு பிரித்தார். ஒரு பங்கு முகம். தொடைக்கு இரண்டு, முழங்காலுக்குக் கீழே இரண்டு. முகத்தின் அளவு தெரிந்தால் மற்றதெல்லாம் அதிலிருந்து கிடைத்துவிடும் என்றார். கம்பியைச் சுற்றிச் செங்கல் தூளும் சுண்ணாம்பும் ஏற, இடுப்பை ஒடித்துக்கொண்டு ஓர் அம்மன் வாரம் ஒன்றாக எழுந்தாள்.

“இப்படி இடுப்பு இருக்கிற பொம்பளைய நான் பாத்ததில்லை” என்றாள் ஜெர்மேன் ஒருநாள்.

“இருக்க மாட்டாங்கம்மா. இருந்தா அது பொம்பளை. இது அம்பாள்.” கொத்துக்கரண்டியால் தோளை வழித்துவிட்டார். “தோள் யானைத் துதிக்கை மாதிரி. தொடை வாழைத்தண்டு மாதிரி. நரம்பு, எலும்பு, சதைமடிப்பு எதுவும் தெரியப்படாது.”

“வயசு?”

“பதினாறு. எல்லாருக்கும் பதினாறுதான்.”

தன் பதினாறு வயதை நினைத்துப் பார்க்க முயன்றாள். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

ஏப்ரல் மாதம், வெயில் தாங்க முடியாத ஒரு காலையில், பேராசிரியர் லோக் எட்டு மாணவர்களோடு கோயிலுக்கு வந்தார். ஜெர்மேன்தான் வகுப்பில் பேச்சுவாக்கில் சொல்லியிருந்தாள். அவர் வந்ததும் மரியாதையாக வணக்கம் சொன்னார், சாரத்தில் ஏறினார், முடிந்திருந்த மூன்று உருவங்களையும் கிட்டப்போய்ப் பார்த்தார். இறங்கி வந்தபோது முகம் மாறியிருந்தது.

“எந்தக் காலில் எடை நிற்கிறது என்று கேள்.”

ஜெர்மேன் கேட்டாள்.

“எடையா?” என்றார் ராமாமிர்தம். “உள்ள கம்பி இருக்கேம்மா.”

“கம்பியைக் கேட்கவில்லை. அவள் நிற்கிறாள் இல்லையா? இடுப்பு இந்தப் பக்கம் போனால் தோள் அந்தப் பக்கம் இறங்க வேண்டும். கழுத்துக் குழியிலிருந்து நூல் விட்டால், எடை தாங்குகிற காலின் கணுவில் போய் விழ வேண்டும். இங்கே விழவில்லை. உயிருள்ள ஒருத்தி இப்படி நின்றால் விழுந்துவிடுவாள்.”

இதைத் தமிழில் சொல்வதற்குள் ஜெர்மேனுக்கு வியர்த்துவிட்டது. கழுத்துக் குழிக்குத் தமிழில் என்ன என்று தெரியாமல் தன் கழுத்தையே தொட்டுக் காட்டினாள். ராமாமிர்தம் பொறுமையாகக் கேட்டுவிட்டுப் பையிலிருந்து தூக்குநூலை எடுத்துக் காட்டினார்.

“எங்ககிட்டயும் நூல் இருக்குன்னு சொல்லுங்க. எங்க நூல் வேற எடத்துல விழும். எங்க ஊர்ல இதே மாதிரி நின்னவங்க ஆயிரம் வருஷமா நிக்கிறாங்க, விழல.”

மாணவர்கள் சிரித்தார்கள். லோக்குக்கு அது பிடிக்கவில்லை.

“அந்த முழங்காலைப் பார்” என்றார். “அதில் எலும்பே இல்லை. முழங்கால் என்பது உடம்பிலேயே கஷ்டமான இடம். அதை வரையக் கற்க எனக்கு ஏழு வருஷம் ஆனது. இவர் ஒருநாளாவது ஓர் உண்மையான முழங்காலைப் பார்த்திருக்கிறாரா? மேன், இங்கே வா.” கல்லூரியில் எல்லாரும் அவளை அப்படித்தான் கூப்பிடுவார்கள். “அந்தச் சிலை நிற்கிற மாதிரி நில். கால்சட்டையை முழங்காலுக்கு மேலே சுருட்டிக்கொள்.”

அவள் எழுந்து நின்றாள். யோசிக்கவேயில்லை. முப்பத்து நான்கு வருஷமாக அந்தக் குரல் நில் என்றால் உடம்பு நின்றுவிடும். கறுப்புக் கால்சட்டையின் இடது காலைச் சுருட்டி, இடுப்பை ஒடித்து, ஒரு கையைத் தொங்கவிட்டு, மறு கையில் இல்லாத பூவைப் பிடித்தாள். கல்தரை காலைச் சுட்டது. லோக் பென்சிலை நீட்டி, தொடாமல், அவள் முழங்காலைச் சுற்றிக் காட்டினார்.

“பாருங்கள். எலும்பு இங்கே முட்டுகிறது. இங்கே சதை தளர்ந்து இறங்குகிறது. உள்பக்கம் இந்த வீக்கம். எடை முழுவதும் இந்த ஓர் இடத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது. இதுதான் நிற்பது. இதைவிட்டுவிட்டு நிற்பதைச் செய்ய முடியுமா?”

கொத்தர்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ஊதுபத்தியோடு வந்த ஒரு கிழவியும் நின்று பார்த்தாள். ராமாமிர்தம் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“நீங்க மொதல்ல உக்காருங்கம்மா” என்றார் சுவரைப் பார்த்தபடி.

“என்ன சொல்கிறார்?” என்றார் லோக்.

ஜெர்மேன் இடுப்பை நேராக்காமலே, அந்த நிலையில் நின்றபடியே, யாரைப் பற்றியோ சொல்வதுபோல் வியட்நாமிய மொழியில் சொன்னாள். “அந்த அம்மாவை உட்காரச் சொல்கிறார்.”

“ஒரு நிமிஷம். வெளிச்சம் இப்போது நன்றாக இருக்கிறது, இவர்கள் பார்க்கட்டும்” என்றார் லோக்.

அவள் அந்த ஒரு நிமிஷத்தைக் கொடுக்கவில்லை. கையை இறக்கி, கால்சட்டையை இழுத்துவிட்டு, நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். நேரம் ஆகுமுன் அவள் நிலையைக் கலைத்தது அதுதான் முதல்முறை. தைரியமொன்றும் காரணமில்லை. அதற்குமேல் முடியவில்லை, அவ்வளவுதான். லோக் பென்சிலை நீட்டியபடியே காலியான இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு நன்றி சொல்லி மாணவர்களை அழைத்துக்கொண்டு போனார்.

மறுநாள் டீ குடிக்கும்போது ஜெர்மேன் கேட்டாள். “நேத்து ஏன் மூஞ்சியத் திருப்பிக்கிட்டீங்க? எங்க காலேஜ்ல பாக்கிறது தப்பில்லை.”

“தப்புன்னு இல்லம்மா. வலிக்குதுன்னு தெரிஞ்சுது.”

“அதான் பாக்கலையே நீங்க.”

“அதுக்கு நேத்து பாக்கணுமா? வந்த நாள்லேருந்து படி ஏறும்போது சொவத்தப் புடிச்சிக்கிட்டுத்தானே ஏர்றீங்க.”

அவள் டீயைக் குடித்து முடித்தாள். தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, தனக்கே விளையாட்டாகப் படும்படி கேட்டாள். “என்னை மாதிரி ஒண்ணு செய்வீங்களா? சின்னதா. இத்தனை வருஷம் நின்னும் எங்கிட்ட என் படம் ஒண்ணுகூட இல்லை.”

ராமாமிர்தம் மறுக்கவில்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, மிஞ்சிய சுதையை ஒரு பலகைமேல் வைத்து, முதல்முறையாக அவள் முகத்தை நேருக்கு நேர் பார்த்தார். பார்க்கக் கூச்சப்பட்டார். இரண்டு நிமிஷம் பார்ப்பார், குனிந்துகொள்வார். கை மட்டும் தயங்காமல் வேலை செய்தது. ஒரு மணி நேரம் கழித்துப் பலகையை அவள் பக்கம் திருப்பினார். உள்ளங்கை உயரத்துக்கு ஒரு முகம். முட்டை வடிவம், மீன் மாதிரி கண், வில் மாதிரி புருவம். மேலே வரிசையில் நிற்கிற அம்மன்களில் எவளாகவும் இருக்கலாம்.

“இது யாரு?” என்றாள்.

“நீங்கன்னு நெனச்சுத்தாம்மா ஆரம்பிச்சேன்.” அவர் முகம் சுருங்கிப்போயிருந்தது. “கை அங்கயே போவுது. நாப்பத்தஞ்சு வருஷத்துப் பழக்கம். கன்னத்துல அந்தக் குழிய வைக்கணும்னு நெனைக்கிறேன், வெரலு நிரப்பிப்புடுது. வரலம்மா எனக்கு.”

அழகாக இருக்கிறது என்று அவள் சொன்னாள். அது உண்மைதான். அவர் ஒத்துக்கொள்ளாமல் அதை மறுபடி சுண்ணாம்போடு போட்டுக் குழைத்துவிட்டார். தன் முகம் கரைவதைப் பார்க்கிற வருத்தம் அவளுக்கு வரவில்லை. அது அவள் முகமில்லையே.

அந்த வியாழக்கிழமை முக வகுப்பு முடிந்ததும் லோக் அவளை நிறுத்தினார். அன்றைக்குக் கோயிலில் தொடங்கிய வாதம் அவருக்குள் இன்னும் முடியவில்லை என்று தெரிந்தது. ஒரு பெரிய அட்டை உறையை மேஜைமேல் வைத்தார்.

“முழங்கால்கள்” என்றார். “எல்லாம் நான் வரைந்தவை. அந்த இந்தியருக்குக் கொண்டுபோய்க் காட்டு. கோபமாகச் சொல்லவில்லை. முழங்கால் என்றால் என்ன என்று அவர் தெரிந்துகொள்ளட்டும்.”

அவள் உறையைப் பிரித்து, தாள்களை ஒவ்வொன்றாகத் தரையில் பரப்பினாள். கீழே மூலையில் தேதி போட்டிருந்தது. எல்லாமே அவள் கால். அறுபத்திரண்டு. அறுபத்தேழு. துப்பாக்கியோடு நின்ற எழுபத்தெட்டு. கால்சட்டைத் துணிக்குள்ளும் எலும்பு தெரிந்தது. கரித்துண்டின் ஒரே ஓர் இழுப்பில் அவள் கால் எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. யாருடைய காலாகவும் இருக்க முடியாது. பிறந்தது முதல் தன்னோடு இருக்கிற ஒன்றை இவ்வளவு கவனமாகத் தானே பார்த்ததில்லை என்று நினைத்தாள்.

பிறகு எண்பத்தெட்டு வந்தது. உள்பக்கத்தில் ஒரு சின்ன நிழல். எண்பத்தொன்பதில் அந்த நிழல் வட்டமாகியிருந்தது. தொண்ணூற்றொன்று, தொண்ணூற்று இரண்டு. அவள் மருந்துக் கடையில் முதல்முதலாகத் தைலம் வாங்கியது தொண்ணூற்று மூன்றில்.

“ஐயா, இந்த வீக்கம் உங்களுக்கு எப்போது தெரிந்தது?”

“எண்பத்தெட்டு மழைக்காலத்தில்” என்றார் உடனே. குறிப்பைப் பார்க்கவேயில்லை. “வெளிச்சம் உள்பக்கத்தில் வேறுவிதமாக விழ ஆரம்பித்தது. வரைவதற்கு மிகவும் நல்ல இடம்.”

“ஏன் என்னிடம் சொல்லவில்லை?”

அவர் அவளைப் பார்த்தார். கேள்வியே புரியாதவர் போல் தரையிலிருந்த தாள்களைப் பார்த்தார்.

“நான்தான் வரைந்திருக்கிறேனே” என்றார்.

அவள் தாள்களை அடுக்கி உறையில் வைத்துக்கொண்டு புறப்பட்டாள். அவரோடு சண்டை போடத் தோன்றவில்லை. சண்டை போட நிற்க வேண்டும்.

ராமாமிர்தம் கையை இரண்டு முறை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்து, ஒவ்வொரு தாளையும் ஓரத்தில் பிடித்து எடுத்துப் பார்த்தார்.

“அப்பா…” என்றார் கடைசியில். “தொட்டா சூடா இருக்கும் போலல்ல இருக்கு. என்னால சென்மத்துக்கும் ஆவாது இது. அவருகிட்ட நான் அப்படிச் சொன்னேன்னு சொல்லிருங்கம்மா.” இன்னொரு தடவை கடைசித் தாளை எடுத்தார். “இவ்வளவு பாத்த மனுசன் ஒரு டாக்டர்கிட்ட போன்னு சொல்லலியா?”

“இல்லை.”

“நானும் சொல்லலியே” என்றார். “ரெண்டு மாசமா பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன்.”

அன்று மாலையே சோமசுந்தரம் அவளைத் தன் காரில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். எப்போதிலிருந்து வீக்கம் என்று டாக்டர் கேட்டதும், சொல்லிப் புரியவைக்கச் சலித்துப்போய், உறையைப் பிரித்து அவர் மேஜைமேல் வைத்தாள். நர்ஸுகள் கூடிவிட்டார்கள். டாக்டர் தாள்களை வருஷ வரிசையில் அடுக்கி, எக்ஸ்ரே படத்தைப் பார்க்கிற மாதிரி ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஆறு வருஷம் தாமதமாக வந்திருக்கிறீர்கள் என்றார். ஊசி போட்டு, கட்டியிருந்த நீரை எடுத்தார். தேய்ந்த எலும்பு திரும்ப வராது, இனி நின்று செய்கிற வேலை கூடாது என்று எழுதிக் கொடுத்தார்.

அந்தச் சீட்டைக் கல்லூரியில் லோக்கிடம் கொடுத்தாள். ராமாமிர்தம் சொன்னதையும் சொன்னாள். அவர் முதலில் அதைத்தான் கேட்டார். “என்னால் ஆகாது என்றா சொன்னார்?” என்று இரண்டு முறை கேட்டார். பிறகு சீட்டைப் படித்தார். மெதுவாகக் கண்ணாடியைக் கழற்றினார்.

“உட்கார்ந்த உருவம் நம் பாடத்திட்டத்தில் குறைவு” என்றார். “சேர்த்துவிடலாம்.” எழுந்து போய், ஓய்வறையிலிருந்து சாய்வு உள்ள நாற்காலி ஒன்றை அவரே தூக்கிவந்து மேடைமேல் வைத்தார். மேடை ஆடியது. குனிந்து மேடையின் ஒரு காலுக்கு அடியில் அட்டைத் துண்டைச் செருகினார். முப்பத்து நான்கு வருஷத்தில் அவர் அவளுக்காக எதையும் தூக்கியதில்லை. மன்னிப்பு என்று எதுவும் கேட்கவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை. அவள் வேலை வாரத்துக்கு நான்கு நாள் காலை என்று ஆயிற்று.

மே மாதக் கடைசியில், முதல் பெருமழைக்கு முன்னால் கோயில் வேலை முடிந்தது. கடைசி நாள் அம்மன்களுக்குக் கண் திறந்தார்கள். ஜெர்மேன் கீழே நின்று பார்க்காமல் நாற்காலியிலேயே இருந்தாள். மேலே பதினாறு வயதுக்காரிகள் ஒன்பது பேர் எந்தக் காலிலும் எடையில்லாமல் நின்றார்கள். அவர்களைப் பார்க்கும்போது கொஞ்சம் பொறாமையாக இருந்தது. கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது.

ஸ்தபதியையும் ஆட்களையும் வழியனுப்ப டான் சோன் நாட் விமான நிலையத்துக்கு அவளும் போனாள். உளியும் கரண்டியும் இருந்த இரும்புப் பெட்டியைத் திறக்கச் சொன்ன அதிகாரிக்கு, இது இன்னது இன்னது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். எல்லாம் முடிந்து உள்ளே போகுமுன் ராமாமிர்தம் திரும்பினார்.

“தப்பா நெனைக்காதீங்க. மூணு மாசமா அம்மா அம்மான்னே கூப்பிட்டுட்டேன். ஒங்க பேரு என்ன?”

“ஜெர்மேன்.”

இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். சரியாக வரவில்லை. “கால பாத்துக்குங்க” என்று கும்பிட்டுவிட்டு வரிசையில் போய்ச் சேர்ந்துகொண்டார்.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. மூன்று சக்கர லம்ப்ரோ வண்டியில் கோழிக்கூடைக்காரி ஒருத்திக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது. தார்ப்பாயை இறக்கிவிட்டார்கள். வண்டி கிளம்பிய சற்று நேரத்துக்கெல்லாம் ஜெர்மேன் தூங்கிப்போனாள். இறங்க வேண்டிய இடம் வந்தது, போனது. கடைசி நிறுத்தத்தில் எல்லாரும் இறங்கிய பின் வண்டிக்காரன் திரும்பிப் பார்த்தான். தலை ஒரு பக்கம் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, கைகள் மடியில் விழுந்து கிடக்க அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். மழை விடட்டும் என்று அவன் எழுப்பாமல் விட்டுவிட்டான்.